யூகேஜிக்கு முன்னால் கையைப் பிடித்து எழுத வைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நான்கு பவர்லூம் தறி ஓடுகிறது. மகளுக்கு அக்டோபரில் 4 வயது முடிந்தது, எல்கேஜி படிக்கிறாள். ஜூனில் யூகேஜி. அதற்குள் ஏபிசிடி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, உயிரெழுத்து 12, ஒன்று முதல் நூறு வரை எல்லாம் எழுதத் தெரிய வேண்டும், யூகேஜியில் கர்சிவ் ஆரம்பித்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். தினமும் இரண்டு பக்கம் ஹோம்வொர்க். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறாள், தூக்கி எறிகிறாள். கையைப் பிடித்து எழுத வைத்துத்தான் முடிக்கிறேன். இடது கையில் பென்சில் எடுத்தால் மாமியார் வலது கைக்கு மாற்றிவிடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன், கடகடவென்று எழுதுகிறான். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரைதான் படித்தேன், இங்கிலீஷ் சரியாக வராது. டியூஷன் சேர்க்கலாமா? செல்போனில் ஏபிசிடி ஆப் போட்டுக் கொடுக்கிறேன், அது உதவுமா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும், மேடம்?

பதில்: இன்று சாயங்காலத்திலிருந்து அவள் கையைப் பிடித்து எழுத வைப்பதை நிறுத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கையைப் பிடித்து எழுத வைக்கும்போது பென்சிலை ஓட்டுவது உங்கள் கை. அவள் விரல்கள் அதற்குள் சும்மா கிடக்கும். எங்கே ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் யோசிக்கவே வாய்ப்பில்லை. நோட்டு நிரம்பும், மிஸ் சிவப்பு மையில் டிக் போடுவார். மறுநாள் தனியாக உட்கார வைத்தால் ஒரு கோடு வராது. இத்தனை நாளில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது பென்சில் வந்தால் அழுகை வரும் என்பதை மட்டும்தான். குறைவாக எழுதிய குழந்தையை ஒன்றாம் வகுப்பில் ஆறு மாதத்தில் மேலே கொண்டுவந்துவிடலாம். எழுதுவதையே வெறுத்துவிட்ட குழந்தை ஐந்தாம் வகுப்பிலும் நோட்டை ஒளித்து வைக்கும். நான் மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் புலம்புகிறார்கள்.

4 வயதுக் கையால் என்ன முடியும் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு வருகின்றன. உங்கள் மகள் வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கும். பென்சிலைப் பிடிப்பதும் அப்படித்தான் படிப்படியாக வரும். முதலில் கைமுஷ்டியால் பிடிப்பார்கள், அப்புறம் எல்லா விரலாலும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து அசைந்து எழுதுவது நாலரையிலிருந்து 6 வயதுக்குள் அமையும். அதுவரை பென்சிலை நகர்த்துவது மணிக்கட்டும் தோளும்தான். அதனால்தான் சின்னப் பிள்ளைகள் பெரிது பெரிதாக எழுதுகிறார்கள். நான்கு கோடு நோட்டின் குறுகிய இடைவெளிக்குள் எழுது என்றால் கை வலிக்கும். அவள் தூக்கி எறிவது பிடிவாதம் இல்லை, வலியாகவும் இருக்கலாம்.

வடிவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. பொதுவாக 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். 4 வயதில் கூட்டல் குறி. நாலரை வாக்கில் சதுரம். 5 வயதில்தான் முக்கோணம். சில மாதங்கள் முன்பின் இருக்கும். சாய்கோடு கடைசியில் வருவதைக் கவனியுங்கள். இப்போது ஒரு தாளில் ‘அ’ எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெட்டுக்கோடு, எல்லாம் ஒரே எழுத்தில். ‘இ’ அதைவிட மோசம். இங்கிலீஷ் பெரிய ‘ஏ’வில் இரண்டு சாய்கோடு. ஆக இரண்டு மொழியிலும் கைக்குக் கஷ்டமான எழுத்தை முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தையை உட்கார வைக்கிறோம். அந்த வரிசை பாடி மனப்பாடம் செய்வதற்கு நல்லது. எழுதப் பழகும்போது அதைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் ஒன்றும் கிடையாது.

ட, ப இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்கோடு மட்டும்தான். அடுத்து ம, ய. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் மேலே ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிடும். மூன்று எழுத்தில் ஒரு சொல்லைப் படித்துவிட்ட குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எல், ஐ, எஃப், எச் என்று நேர்கோட்டு எழுத்துகள் முதலில். இவற்றோடு அவள் பெயரின் முதல் எழுத்து, அது எவ்வளவு சுழியாக இருந்தாலும் சரி. தன் பெயர் என்றால் கஷ்டம் தெரியாது.

எழுதும் இடத்தையும் மாற்றுங்கள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும், கோடு வேண்டாம். தரையில் சாக்பீஸ், சுவரில் மாட்டிய சிலேட்டு, தட்டில் பரப்பிய கேழ்வரகு மாவு, இவற்றில் விரலால் எழுதட்டும். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகச் சரியான நிலைக்கு வரும், அதனால் சிலேட்டைச் சுவரில் மாட்டச் சொல்கிறேன். புதுப் பென்சிலைவிட விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில் நல்லது. உடைந்த க்ரேயான் துண்டு அதைவிட நல்லது. முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும். காலையில் பத்து நிமிஷம் போதும். பசியிலோ தூக்கத்திலோ இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

கோலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோலப்பொடியைக் கிள்ளி எடுக்கும் விரல்கள்தான் பென்சிலையும் பிடிக்கும். நான்கு புள்ளி வைத்துக் கொடுத்து, அதைச் சுற்றிக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். வளைவு, சுழி, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வருவது, அத்தனையும் தமிழ் எழுத்துக்கு வேண்டியவை. அச்சுக் கோலம் போடும் டப்பாவை மட்டும் இந்த வருஷம் பரண் மேல் வைத்துவிடுங்கள்.

மற்றபடி முருங்கைக்கீரை உருவுவது, பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, கொடியில் கிளிப் போடுவது, எல்லாம் எழுத்துப் பயிற்சிதான். மிச்ச நூலில் பட்டனோ பெரிய மணியோ கோர்க்கலாம். ஆனால் ஓடும் தறிப் பக்கம் விட வேண்டாம். பெரியவர்கள் கண் முன்னால் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை அண்ணா பூங்காவுக்குக் கூட்டிப் போனால் கம்பியில் தொங்க விடுங்கள். தோள் உறுதியானால்தான் விரல் நிதானமாக ஓடும்.

எழுத்தைப் பற்றி இவ்வளவு போதும். நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை: காது.

குழந்தை படிக்கத் தொடங்குவது கண்ணால் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு வேலை காதில் முடிந்திருக்க வேண்டும். ஒரு சொல் சின்னச் சின்ன ஒலிகளால் ஆனது, அவற்றைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், மாற்றலாம் என்பது குழந்தைக்குப் புலப்பட வேண்டும். அது புலப்பட்ட பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். புலப்படாத பிள்ளை 247 எழுத்தையும் பார்த்து எழுதும், ஆனால் ‘படம்’ என்று கூட்டிப் படிக்காது. பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று இரண்டாம் வகுப்பில் வந்து கேட்கும் பெற்றோர்கள் பலர். தறியில் நெடுக்கு நூலான பாவு இல்லாமல் நாடா ஓடி என்ன பயன்? பேச்சும் கேள்வியும்தான் பாவு.

இதற்கு விளையாட்டு போதும், செலவே இல்லை. முதலில் சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது. சே-லம், இரண்டு தட்டு. மாம்-ப-ழம், மூன்று. அம்-மா-பேட்-டை, நான்கு. டவுன் பஸ்ஸில் போகும்போது நடத்துநர் சொல்லும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் தட்டலாம். ஒரு வாரத்தில் அது பழகிவிடும். அடுத்து ‘மா’வில் ஆரம்பிப்பது என்னென்ன? மாடு, மாமா, மாங்காய். அவள் ‘மாரியம்மன்’ என்றால் பெரிய சபாஷ் போடுங்கள். அதற்கடுத்து கொஞ்சம் கடினமானது, ஒன்றை எடுத்துவிடுவது. மாம்பழத்தில் ‘மாம்’ எடுத்தால் என்ன மிச்சம்? பழம். தட்டுவடையில் தட்டை எடுத்துவிட்டால்? வடை. தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே இதைக் கேட்டுப் பாருங்கள், நாலு நாளைக்கு அவளே எல்லாச் சொல்லையும் வெட்டிக்கொண்டு திரிவாள்.

இங்கேதான் உங்கள் தறிச் சத்தம் குறுக்கே வருகிறது. பல், கல், நெல், சொல் என்ற நான்கையும் நன்றாகப் பிரித்துக் காட்டுவதில் முதல் மெய்யொலிக்குப் பெரிய பங்கு உண்டு. மெய்யொலிகளுக்குச் சத்தம் குறைவு. இரைச்சலில் முதலில் அமுங்குவது அவைதான். உயிரொலி எப்படியும் கேட்டுவிடும். தறிக்காரர்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு அது போதும், மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மொழியைக் கட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஒலி முழுசாகக் கேட்க வேண்டும். தறியை நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் சோறு. நாளில் அரை மணி நேரமாவது ஷெட்டை விட்டுத் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே பேசுங்கள். மொட்டை மாடியோ தெருத் திண்ணையோ எதுவாக இருந்தாலும் சரி. பாவு தீர்ந்து பிணைக்கும் நாளும், மின்வாரியப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளும் உங்களுக்கு நஷ்டம்தான். அவளுக்கு அவை நல்ல பள்ளி நாட்கள்.

அடிக்கடி “ஆ?” என்று திருப்பிக் கேட்கிறாளா? டிவி சத்தத்தைக் கூட்டுகிறாளா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாளா? அப்படியானால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த வயதில் சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். வலி இருக்காது, காது மட்டும் மந்தமாகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம்.

தெலுங்கு பேசுவதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் நெசவுக் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்து நன்றாகத் தமிழும் இங்கிலீஷும் படித்திருக்கிறார்கள். தயவுசெய்து வீட்டு மொழியை நிறுத்திவிட்டு அரைகுறை இங்கிலீஷில் “வாட்டர் ட்ரிங்க் பண்ணு” என்று பேச ஆரம்பிக்காதீர்கள். எந்த மொழியில் உங்களுக்கு நீளமாகக் கதை சொல்ல வருமோ, கோபப்பட வருமோ, கேலி செய்ய வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். சொல்வளமும், முதலில் இது நடந்தது அப்புறம் அது நடந்தது என்று கோத்துச் சொல்லும் திறமையும் ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழிக்கும் கூடவே போகும். இந்த இடத்தில் உங்கள் மாமியார்தான் வீட்டிலேயே பெரிய ஆசிரியர். “அவ்வாவும் வேணும், புவ்வாவும் வேணும்” (பாட்டியும் வேண்டும், சோறும் வேண்டும்) என்று தெலுங்கில் சொல்வார்களே, அந்த எதுகை போதும் ஒலி விளையாட்டுக்கு. ராத்திரி அவ்வா கதை சொல்லட்டும். பாதியில் நிறுத்தி “அப்புறம் என்ன ஆச்சு?” என்று பேத்தியைக் கேட்கட்டும். இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் இடது கையை வலது கைக்கு மாற்றும் வேலையை அவரே கொஞ்சம் மறந்துவிடுவார்.

இங்கிலீஷுக்கு வருவோம். உங்கள் படிப்பு தடையே இல்லை. இந்த வயதில் இங்கிலீஷ் படிப்புக்கு வேண்டியது எழுத்தின் பெயரைவிட அதன் ஒலி. ‘எஸ்’ என்பது பெயர், ‘ஸ்’ என்பது ஒலி. பல இடங்களில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘ப’, ‘பு’ என்று ஒரு உயிரொலியை ஒட்டவைத்துவிடுகிறார்கள். அப்புறம் குழந்தை ‘பு-இ-னு’ என்று கூட்டி முழிக்கும். தமிழில் மெய்யெழுத்து படித்த உங்களுக்கு ப், ட், ன், ஸ் என்று தனியாகச் சொல்வது தண்ணீர்பட்ட பாடு. ப்-இ-ன், பின். ட்-இ-ன், டின். ன்-இ-ப், நிப். இப்படி வாயால் மட்டும், எழுத்தே காட்டாமல், ஒரு மாதம் விளையாடுங்கள். “அந்த ட்-இ-ன்-ஐ எடுத்துக்கிட்டு வா கண்ணு” என்று சொன்னால் அவள் போய் டின்னை எடுத்துவந்துவிட்டாள் என்றால், படிப்பில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் எழுத்தைக் காட்டினால் நாள் ஆகாது.

அச்சு எழுத்து அவள் கண்ணில் படட்டும். பால் பாக்கெட், தீப்பெட்டி, பஸ் போர்டு, கடைப் பலகை. “இது என்ன எழுத்து?” என்று பரீட்சை வைக்காதீர்கள், நீங்கள் விரல் வைத்துப் படித்துக் காட்டினால் போதும். வீட்டில் படக்கதைப் புத்தகம் நாலைந்து இருக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்டின் குழந்தைப் புத்தகங்கள் தமிழில் குறைந்த விலையில் கிடைக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் படக்கதைகள் இலவசம்; ஒரே கதையை இரண்டு மொழியில் பார்க்கலாம். செல்போனை இதற்குப் பயன்படுத்துங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து. தனியாகக் கொடுக்கும் ஏபிசிடி ஆப்பில் குழந்தை கற்றுக்கொள்வது திரையைத் தொட்டால் மணி அடிக்கும் என்பதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பு, இந்த வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு 1 மணி நேரம். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். இரண்டாவது எண்ணை வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள். இந்த வயதில் ஆறு மாத முன்பின் ஒன்றுமே இல்லை. எழுதுகிற அவன் கூட்டிப் படிக்கிறானா என்று நீங்கள் பார்க்கவும் இல்லை. ஒன்று முதல் நூறு எழுதுவதும் அப்படித்தான். அவளால் ஏழு புளியங்கொட்டையைத் தொட்டு எண்ணி, அதில் இரண்டை எடுத்துக் கொடுக்க முடிந்தால் யூகேஜி கணக்குக்கு அதுவே ஏராளம். டியூஷன் வேண்டாம். பள்ளியில் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்த பிள்ளையை இன்னொரு வீட்டில் உட்கார வைத்து மறுபடி எழுத வைப்பார்கள், அவ்வளவுதான்.

பள்ளியிடம் பேச வேண்டும், அதற்குத் தயங்காதீர்கள். வாசலில் மணி அடிக்கும் நேரத்தில் வேண்டாம்; நேரம் கேட்டுப் போங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். “மிஸ், பாப்பாவுக்கு எழுத்து தெரியுது, கை வலிக்குதுன்னு அழறா. ரெண்டு பக்கத்துக்குப் பதிலா ரெண்டு வரி அவளே எழுதட்டும். மீதிய நான் எழுதித் தர மாட்டேன், காலியா இருந்தா திட்டாதீங்க” என்று சொல்லுங்கள். நோட்டிலும் ஒரு வரி: ‘இன்று இவள் தானாக எழுதியது இவ்வளவு.’ பெரும்பாலான ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கும் இது தெரியும். பக்கத்தை எண்ணுவது பல சமயம் பெற்றோர்தான். கட்டணம் கட்டியிருக்கிறோம், நோட்டில் ஒன்றும் இல்லையே என்று நிர்வாகத்திடம் போய் நிற்கிறவர்களும் நம்மில் உண்டு. பதில் சரியாக வரவில்லை என்றால் ஒன்றைக் கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதலில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்காக வந்தது. குழந்தை 8 வயதுக்குள் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்பதே அதன் குறி. அரசே 8 வயது வரை நேரம் கொடுக்கும்போது நாலரை வயதில் கர்சிவ் எதற்கு? அச்சு எழுத்தே கைவராத குழந்தைக்குச் சேர்த்து எழுதும் எழுத்தைக் கொடுத்தால், பார்க்கிற எழுத்து ஒன்று, எழுதுகிற எழுத்து வேறொன்று என்று குழம்பும். எழுத்தைத் திருப்பிப் போடுவது, கண்ணாடியில் தெரிவதுபோல எழுதுவது, இதெல்லாம் 7 வயது வரை சகஜம். அதற்கு அடிக்கிற பள்ளியாக இருந்தால் வேறு பள்ளி பாருங்கள், சேலத்தில் பள்ளிக்குப் பஞ்சமில்லை.

இடது கை: மாற்றவே வேண்டாம். எந்தக் கை என்பதை மூளை தீர்மானிக்கிறது. 4 முதல் 6 வயதுக்குள் அது உறுதிப்படும். சாப்பிடுவதற்கு வலது கை என்பது வீட்டுப் பழக்கம் என்றால் அதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், பென்சிலில் மட்டும் தலையிட வேண்டாம். தாளை அவளுக்குக் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்த்து வைத்தால் எழுதியதைக் கையே மறைக்காது. கத்தரிக்கோல் வாங்கினால் இடது கைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி மிஸ்ஸிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் முழங்கை இடித்தே ஒரு நட்பு போய்விடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்? 4 வயது முடிந்தும் அவள் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றாலோ, நான்கு சொல் சேர்ந்த வாக்கியம் வீட்டு மொழியிலும் வரவில்லை என்றாலோ, வட்டம்கூட வரைய முடியவில்லை என்றாலோ, படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாலோ, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பென்சில் பிடிக்காது என்பது மட்டும் காரணமாகாது. இந்த வயதில் யாராவது ‘டிஸ்லெக்சியா’ என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். அதைச் சரியாகக் கண்டுபிடிப்பது பொதுவாக 7, 8 வயதுவாக்கில், முறையாகப் படிப்புச் சொல்லிக் கொடுத்த பிறகுதான்.

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: சிலேட்டு வாங்கிக் கொடுத்தால் பல்பத்தைத் தின்றுவிடுகிறாள் என்று. அதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்மா. பல்பம், மண், சுண்ணாம்பு என்று தின்னும் குழந்தைகளுக்குப் பல சமயம் இரும்புச் சத்துக் குறைவு இருக்கும். ரத்தம் குறைவாக இருந்தால் சோர்வு, எரிச்சல், கவனம் நிற்காமை, எல்லாம் கூடவே வரும். சாயங்கால அழுகையில் அதற்கும் பங்கு இருக்கலாம். இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள். அதுவரை பல்பத்தை எடுத்துவைத்துவிட்டுச் சாக்பீஸை நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் கொடுங்கள். சாக்பீஸையும் தின்கிறாள் என்றால் ஈரத் துணியோ பெயிண்ட் பிரஷோ தண்ணீரில் நனைத்துத் தரையில் எழுதட்டும்.